லவ் பேர்ட்ஸ் வாங்கப் போகிறீர்களா? நிறத்தைப் பார்க்கும் முன் நெஞ்செலும்பைத் தொட்டுப் பாருங்கள்

போன வருஷம் ஒரு வாரச் சந்தையில் மஞ்சள் நிற லவ் பேர்ட் ஒன்று வாங்கினேன். முந்நூறு ரூபாய். கூண்டில் இருந்த நாற்பது ஐம்பது பறவைகளில் அதுதான் சத்தம் போடாமல், உடம்பைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாதுவான பறவை, சீக்கிரம் பழகிவிடும் என்று நினைத்தேன். நான்காம் நாள் காலை கூண்டின் தரையில் கிடந்தது. என் மகளிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்த அந்தப் பத்து நிமிஷம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒன்றும் வாங்காமல் விசாரித்தேன். ஆறு பிரீடர்களின் (வீட்டிலேயே பறவைகளைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்பவர்கள்) வீட்டுக்குப் போனேன், இரண்டு கால்நடை மருத்துவர்களிடம் கேட்டேன். இப்போது வீட்டில் இரண்டு பறவைகள் பதினோரு மாதமாக நன்றாக இருக்கின்றன. முதல் தடவையே தெரிந்திருக்க வேண்டியதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்தப் பறவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் எல்லோரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்வது பட்ஜியைத்தான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சின்னக் கிளி இனம். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கடைகளில் 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்' என்று சொன்னால்தான் அதைக் காட்டுவார்கள். இந்தக் கட்டுரை பட்ஜியைப் பற்றியது.

பெயரில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், சட்டம் பறவைக்குப் பறவை மாறுகிறது. நம் ஊர்ப் பச்சைக்கிளி, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வாங்குவது, விற்பது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 'ஹேண்ட் ஃபீட் குஞ்சு, நல்லாப் பேசும்' என்று யாராவது பச்சைக்கிளிக் குஞ்சை நீட்டினால் அந்த இடத்திலிருந்து நகர்ந்துவிடுங்கள். அது மரப்பொந்திலிருந்து எடுத்த குஞ்சாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

சன் கன்யூர், குவாக்கர், ஃபிஷர் லவ் பேர்ட் போன்ற வெளிநாட்டுப் பறவைகள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. 2024இல் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள். விற்பவரிடமும் பதிவு இருக்க வேண்டும், அதையும் கேட்டு வாங்க வேண்டும். பட்ஜியும், தலையில் கொண்டையுள்ள காக்கட்டீல் கிளியும் அந்தப் பட்டியலில் இல்லை. முதல் பறவையாகப் பட்ஜியையே நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காகித வேலை கிடையாது, செலவு குறைவு, நம் வெயிலையும் ஓரளவு தாங்கும்.

2. ஒன்றா இரண்டா, ஆணா பெண்ணா

கையில் வந்து உட்கார வேண்டும், தோளில் ஏற வேண்டும் என்ற ஆசை இருந்தால் ஒரே ஒரு இளம் பறவை வாங்குங்கள். ஆனால் தினமும் ஒன்றிரண்டு மணி நேரமாவது வீட்டில் யாராவது அதனுடன் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போய், பகல் முழுவதும் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் இரண்டாக வாங்குவதுதான் நியாயம். கூட்டமாக வாழும் பறவை அது. தனியாக விட்டால் வாடிவிடும்.

இரண்டு என்றதும் 'ஜோடி' கொடுப்பார்கள், ஆணும் பெண்ணுமாக. குஞ்சு பொரிக்க வைக்கும் எண்ணம் இல்லையென்றால் இரண்டு ஆண் போதும். ஆண்கள் ஒன்றோடொன்று நன்றாகப் பழகும், பேச்சைத் திருப்பிச் சொல்வதும் பெரும்பாலும் ஆண்தான். இரண்டு பெண்களை ஒரே கூண்டில் போட்டால் சண்டை வர வாய்ப்பு அதிகம், பெண்ணின் கடியும் பலமாக இருக்கும். ஜோடியாகவே வாங்கினாலும் கூண்டில் முட்டையிடுவதற்கான மண்கலயம் மாட்டாதீர்கள். விற்பவர் இலவசமாகவே ஒன்று தருவார். அதை மாட்டிய சில வாரத்தில் முட்டை வரும். முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கிப் பெண் பறவை செத்துப்போவதும் நடக்கிறது. முதல் வருஷம் அந்தப் பொறுப்பு வேண்டாம்.

3. கூண்டும் டாக்டரும் பறவைக்கு முன்னால்

நான் தலைகீழாகச் செய்தது இதைத்தான். பறவையை வாங்கிக்கொண்டு வந்து அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டுக் கூண்டு தேட ஓடினேன்.

இரண்டு பறவைக்குக் குறைந்தது இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். உயரத்தைவிட நீளம்தான் முக்கியம், ஏனென்றால் அது குறுக்கே பறக்கும். கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். வெல்ட் மெஷ்ஷில் செய்த கூண்டு மலிவு. ஆனால் புதுக் கம்பியில் துத்தநாகப் பூச்சுத் துகள்கள் ஒட்டியிருக்கும், பறவை அலகால் சுரண்டி விழுங்கினால் விஷம். வினிகரில் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்து, கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து விட்டுப் பயன்படுத்துங்கள். கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு வேப்பங்குச்சியோ கொய்யாக் கிளையோ கட்டுங்கள். ஒரே தடிமனாக இல்லாத கிளை கால்களுக்கு நல்லது.

அடுத்தது டாக்டர். நாய், பூனை பார்க்கும் எல்லாக் கிளினிக்கிலும் பறவை பார்க்க மாட்டார்கள். முன்னாலேயே போன் செய்து கேட்டு நம்பரைச் சேமித்து வையுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு பக்கம் இருப்பவர்களுக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பறவையைப் பார்க்கும் நாள், நேரம் எது என்று முன்னதாக விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. போனில் கேட்க வேண்டியவை

பிரீடர்களின் நம்பர் தீவனக் கடைகளில் கிடைக்கும். மூட்டை மூட்டையாகத் தினை வாங்குகிறவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியும். நான் மூன்று நல்ல பிரீடர்களை அப்படித்தான் பிடித்தேன்.

போனில் முதல் கேள்வி வயதாக இருக்கட்டும். ஒருவரிடம், "அண்ணே, குஞ்சுக்கு எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டேன். "அதெல்லாம் செல்ஃப் ஈட்டிங் ஆயிடுச்சு தம்பி, நேரா வாங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். மூன்று தடவை கேட்டும் நாள் கணக்கு வரவில்லை. இன்னொருவர், "இருங்க, நோட்டைப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "நாற்பத்தி மூணு நாள். இன்னும் ஒரு வாரம் ஆகட்டும், அப்புறம் வாங்க" என்றார். நான் வாங்கியது அவரிடம்தான்.

அட்வான்ஸ் போட்டால்தான் பறவையை நிறுத்தி வைப்பேன் என்று நேரில் பார்க்கும் முன் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். போட்டோ அனுப்பிப் பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள் இதில் நிறையப் பேர். பஸ் பார்சலில் அனுப்புகிறேன் என்றாலும் வேண்டாம். ஆறேழு வாரக் குஞ்சு எட்டு மணி நேரம் அட்டைப்பெட்டியில் தண்ணீரில்லாமல் வந்தால் எந்த நிலையில் வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

5. முதல் தடவை வாங்காமல் திரும்பி வாருங்கள்

காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போங்கள். அந்த நேரத்தில் ஆரோக்கியமான பட்ஜி சும்மா இருக்காது. தீனி கொறிக்கும், கத்தும், கம்பியில் தலைகீழாகத் தொங்கும். மதியம் போனால் எல்லாமே அரைத் தூக்கத்தில் உப்பிக்கொண்டுதான் இருக்கும், சுகமில்லாததைப் பிரித்துக் கண்டுபிடிக்க முடியாது.

பெரும்பாலும் மொட்டை மாடியில் ஷெட் போட்டிருப்பார்கள். உள்ளே போனதும் மூக்கைக் கேளுங்கள். தீனித் தூசி வாசனை இருக்கும், அது பரவாயில்லை. கண்ணை எரிக்கும் அமோனியா நெடி இருந்தால் வாரக்கணக்கில் எச்சத்தை அள்ளவில்லை என்று அர்த்தம். தண்ணீர்க் கிண்ணத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கக்கூடாது. ஒரே கூண்டில் எத்தனை பறவை உப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒன்று இருந்தால்கூட அந்தக் கூண்டிலிருந்து வேறெதையும் எடுக்காதீர்கள். வால் இறகும் இறக்கையின் நீள இறகும் உதிர்ந்து, பறக்க முடியாமல் தரையில் ஓடும் குஞ்சுகளைக் கண்டால் அந்த வீட்டிலிருந்தே வாங்காதீர்கள். வைரஸ் நோயாக இருக்கலாம். பார்க்க நன்றாக இருக்கும் பறவைக்குள்ளும் அது இருக்கலாம்.

நல்ல பிரீடர் உங்களையும் கேள்வி கேட்பார். என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல பூனை இருக்கா?" இரண்டாவது, "கூண்டைத் திறந்து விடுவீங்களா? அப்போ ஃபேனை யாரு நிறுத்துவா?" ஓடும் சீலிங் ஃபேனில் அடிபட்டுச் சாகும் பட்ஜிகளைப் பற்றி அப்புறம் டாக்டரும் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து மறுபடி போங்கள். போன வாரம் நீங்கள் பார்த்து வைத்த குஞ்சு இந்த வாரமும் அதே சுறுசுறுப்போடு இருக்கிறதா, அந்தக் கூண்டில் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா, குறைந்தது விற்றதாலா என்று கேளுங்கள். சுகமில்லாததைக் கடைசி வரை மறைப்பது பறவையின் சுபாவம். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் வல்லூறு தூக்கிவிடும். அதனால் ஒரு நாள் பார்வையை மட்டும் நம்ப முடியாது.

6. கையில் எடுத்துப் பார்ப்பது

இந்த ஒரு படிக்காகத்தான் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் தொடாமல் ஐந்து நிமிஷம் தள்ளி நின்று பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சுக் கோளாறு. இப்போதுதான் பறந்து வந்து உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் ஆடலாம். இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட வேண்டும். இரண்டு காலிலும் சமமாகப் பிடித்திருக்கிறதா, இரண்டு விரல் முன்னால் இரண்டு விரல் பின்னால் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பிறகு பிரீடரையே பிடித்துத் தரச் சொல்லுங்கள். பறவையின் முதுகு உள்ளங்கையில் படும்படி, கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே வரும்படி பிடிக்க வேண்டும். மார்பை மட்டும் எக்காரணம் கொண்டும் அழுத்தக்கூடாது. நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கித்தான் பறவை மூச்சு விடுகிறது. மார்பை இறுக்கினால் கையிலேயே மூச்சு நின்றுவிடும்.

இப்போது இன்னொரு கையின் விரல் நுனியை மார்பின் நடுவில் மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டுங்கள். நடுவில் ஒரு எலும்பு தட்டுப்படும். அதன் இரண்டு பக்கமும் சதை மேடாக, உருண்டையாக இருந்தால் பறவை நன்றாகச் சாப்பிடுகிறது. எலும்பு கத்தி முனை மாதிரி துருத்திக்கொண்டு, இரு பக்கமும் பள்ளமாக இருந்தால் எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் வைத்துவிடுங்கள். இறகு மூடியிருப்பதால் இது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நான் முதலில் வாங்கிய மஞ்சள் பறவையின் நெஞ்செலும்பை, அது செத்த பிறகு டாக்டர் என் விரலைப் பிடித்துத் தொட வைத்தார். பென்சில் முனை போல இருந்தது. பட்ஜியில் வயிற்றில் வரும் ஒருவகைப் பூஞ்சை நோய் இருக்கிறது. பறவை நாள் முழுக்கக் கிண்ணத்தின் முன்னால் நின்று கொறித்துக்கொண்டே இருக்கும், ஆனால் இளைத்துக்கொண்டே போகும். 'நல்லாத்தான் சாப்பிடுது' என்று விற்பவர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனாலும் நெஞ்செலும்பு உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்து, அப்படியே திருப்பி வாலுக்குக் கீழே பாருங்கள். இறகு சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். எச்சம் ஒட்டியிருந்தால் வேண்டாம். கூண்டுத் தட்டில் உள்ள எச்சத்தையும் பாருங்கள்: கரும்பச்சைச் சுருளும் நடுவில் வெள்ளையுமாக உருத்திரண்டு இருந்தால் சரி. அரைபடாத முழுத் தினை அதில் தெரிந்தால் செரிமானம் சரியில்லை.

முகத்தில் மூக்குத் துளைகள் இரண்டும் திறந்து, ஈரமில்லாமல் இருக்க வேண்டும். அலகின் ஓரத்தில் அல்லது காலில் தேன்கூடு மாதிரி பொடிப்பொடித் துளையுடன் வெள்ளைச் சொரசொரப்பு இருந்தால் அது உண்ணி. மருந்துக்குக் கேட்கும் நோய்தான், ஆனாலும் ஒட்டுவாரொட்டி; புதிதாக வளர்ப்பவர்களுக்கு வேண்டாம். நெற்றி இறகுகள் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் பறவை வாந்தி எடுத்துத் தலையை உதறியிருக்கிறது.

பார்த்து முடித்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிளி இனப் பறவைகளிடமிருந்து மனிதனுக்குத் தொற்றும் நுரையீரல் காய்ச்சல் ஒன்று உண்டு.

7. வயதும் பாலினமும்

ஆறிலிருந்து எட்டு வாரக் குஞ்சுதான் பழக்க ஏற்றது. அதற்குக் குறைந்தால் தானாகச் சாப்பிடத் தெரியாது. நான்கு மாதத்தைத் தாண்டினால் பழக்க முடியாது என்றில்லை, பொறுமை நிறைய வேண்டும்.

குஞ்சுக்கு நெற்றியில் வரிவரியாகக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி வழித்துவிட்ட மாதிரி ஆகிவிடும். கண்ணும் அப்படித்தான். குஞ்சின் கண் முழுக் கறுப்பு. வளர வளர விழியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும். 'ரெண்டு மாசக் குஞ்சு' என்று சொல்லி வெள்ளை வளையம் உள்ளதைக் காட்டினால் நம்பாதீர்கள். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் கோடு இருக்காது, அங்கே பிரீடரின் நோட்டுதான் ஆதாரம்.

மூக்கு என்று நான் சொல்வது அலகை அல்ல, அலகுக்கு மேலே துளைகள் உள்ள சதைப்பகுதியை. வளர்ந்த ஆணுக்கு மூக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. குஞ்சில்தான் ஏமாறுவோம். வெளிர் நீல மூக்கைக் காட்டி ஆண் என்பார்கள். துளைகளைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் அது பெண் குஞ்சு. மூக்கு முழுவதும் ஒரே சீராக இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாக இருந்தால்தான் ஆண்.

8. காசும் காகிதமும்

நான் கொடுத்தது இரண்டு சாதாரண பட்ஜிக்கு 800 ரூபாய். சந்தையில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கும். பெரிய தலையுள்ள 'இங்கிலீஷ் பட்ஜி' பல மடங்கு விலை. முதல் பறவைக்கு அது தேவையில்லை. கூண்டு 2,200, கிண்ணங்கள், கடல்நுரை (பறவை கொறிப்பதற்கான கணவாய் ஓடு), கிளைகள் எல்லாம் சேர்த்து 400, டாக்டரின் முதல் பரிசோதனை 500. மாதத் தீனிச் செலவு இரண்டு பறவைக்கும் சேர்த்து 200 ரூபாயைத் தாண்டவில்லை. மொத்தக் கணக்கில் பறவையின் விலை ஒரு சின்னப் பங்குதான், அதில் நூறு ரூபாய் பேரம் பேசி ஆரோக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் வளர்ப்பவர்கள் பில் புத்தகம் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு வெள்ளைத் தாளில் தேதி, பொரித்த தேதி, கால் வளையத்தின் எண், கொடுத்த தொகை, போன் நம்பர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 'ஏழு நாளுக்குள் செத்தால் மாற்றித் தருகிறேன்' என்று சொன்னால் அதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவர் தரவும் தயங்குவார். காலில் மூடிய வளையம் இருந்தால் நல்லது: குஞ்சு ஒரு வாரம் பத்து நாளாக இருக்கும்போதுதான் அதைப் போட முடியும், வருஷம் அதில் பொறித்திருக்கும். பிரித்து மாட்டும் பிளாஸ்டிக் வளையத்தை எப்போது வேண்டுமானாலும் போடலாம், வயதுக்கு அது சாட்சி ஆகாது. கடையில் வாங்குகிறீர்கள் என்றால் 2018 விதிகளின்படி கடைக்குப் பதிவுச் சான்று இருக்க வேண்டும்; காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

9. வீட்டுக்குக் கொண்டுவரும் நாள்

சித்திரை, வைகாசி வெயிலிலும் அடைமழையிலும் வேண்டாம். சனிக்கிழமை காலையில் எடுத்தால் இரண்டு நாள் வீட்டில் இருந்து கவனிக்கலாம். காற்றுத் துளையுள்ள சின்ன அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, ஒரு துண்டு வெள்ளரிக்காய் போட்டுக் கொண்டுவாருங்கள். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் கவிழ்ந்து நனைந்துவிடும். பைக்கில் காற்றில் பிடித்துக்கொண்டு வராதீர்கள், ஆட்டோவுக்குக் காசு போனால் போகட்டும்.

பிரீடரிடமிருந்தே அரைக் கிலோ தீனி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு அதையே கொடுத்துவிட்டு, பிறகு மெல்ல மெல்ல உங்கள் தினை, சாமை, கேனரி விதைக் கலவைக்கு மாற்றுங்கள்; கொத்தமல்லியும் முருங்கைக்கீரையும் கழுவிக் கொடுக்கலாம். கிண்ணத்தைத் தினமும் எடுத்து ஊதிப் பாருங்கள். பட்ஜி உமியைக் கிண்ணத்திலேயே துப்பும். பார்வைக்குக் கிண்ணம் நிறைந்திருக்கும், உள்ளே வெறும் உமிதான். தீனி இருக்கிறது என்று நினைத்தே பட்டினி போட்ட வீடுகள் உண்டு. புதுக் குஞ்சுக்கு முதல் சில நாள் தரையிலும் கொஞ்சம் தூவி விடுங்கள்.

கூண்டைச் சமையலறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் காய்ந்து போனால் வரும் புகை பறவையை நிமிஷக் கணக்கில் கொன்றுவிடும். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, மிளகாய்த் தாளிப்பு எதுவும் ஆகாது.

10. முதல் 30 நாள்

மூன்று நாள் கையை உள்ளே விடாதீர்கள். தீனி, தண்ணீர் மாற்றும்போது மட்டும் மெதுவாகப் பேசுங்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே வீட்டில் பறவை இருந்தால் புதியதைத் தனி அறையில் 30 நாள் வையுங்கள். முதலில் பழையதற்குத் தீனி போட்டுவிட்டு, பிறகு புதியதிடம் போங்கள்.

ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள், 400 ரூபாய்க்குள் கிடைக்கும். சாதாரண பட்ஜி 30இலிருந்து 40 கிராம் வரை இருக்கும். வாரம் ஒரு நாள், காலையில் தீனி வைக்கும் முன், மூடிபோட்ட சின்ன டப்பாவில் விட்டு எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் டாக்டரிடம் போங்கள், உப்பிக்கொண்டு உட்காரும் வரை காத்திருக்க வேண்டாம். எங்கள் வீட்டு நீலப் பறவை மூன்றாவது வாரம் 36இலிருந்து 32க்கு இறங்கியது. வெளியே பார்த்தால் விளையாடிக்கொண்டுதான் இருந்தது. எச்சத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் எடுத்துக்கொண்டு அன்றே போனோம். மருந்து பத்து நாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள்தான் எடை போடுகிறாள். போன வாரம் நோட்டில் 37 என்று எழுதியிருக்கிறாள்.